ரெண்டு கிலோ நங்கூரம்

படகு மறுபடியும் கோரைக்குள் புகுந்து நின்றது.

“எழுந்திருங்க. கரைக்கே வந்துட்டோம்,” என்றாள் ஷெர்லின்.

அந்தோணிராஜ் திடுக்கிட்டு எழுந்தார். ஏரி நடுவில் நங்கூரம் போட்டு, சோறு தின்று, ஐந்து நிமிஷம் கண்ணசந்திருந்தார்.

“நங்கூரம் போட்டியா இல்லியா?”

“நீங்க பாக்கத்தானே போட்டேன்! இந்தக் கொக்கி சரியில்ல போல.”

ஊர் திரும்பிய கொரிய மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன பன்னிரண்டடிப் பாய்ப்படகு அது. அந்தோணிராஜுக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை. இருபது வருஷமாக ஷிஃப்ட் முடிந்தால் ஓ.டி., கூடுதல் நேர வேலை. அவருக்கு வீடு என்பது தூங்கும் இடம். மனைவி ஷெர்லினுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மண்ணூர்ப் பக்கத்து ஏரிக்கு அழைத்துவந்தார். பாய் அவர் பொறுப்பு. நங்கூரம் போடும் பொறுப்பை அவள் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். ரெண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் கனமில்லாத நங்கூரமாகத்தான் தேட வேண்டியிருந்தது.

“கனம் பிரச்சினையில்ல,” என்றார் அன்று மாலை. “சேத்துல கொக்கி வழுக்குது. அகலமா இருந்தா மம்மட்டி மாதிரி மண்ணுல இறங்கும்.”

திங்கட்கிழமை ஓ.டி. போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து அலுமினியத் தகடு அறுத்தார். ஷெர்லின் டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். சனிக்கிழமை நங்கூரம் தயார். ஒன்றரைக் கிலோ.

ஞாயிற்றுக்கிழமை அவர் படகில் கண்விழித்தபோது கரையோரக் கருவேலமரக் கிளையில் பாய் கிழிந்து தொங்கியது.

“கயிறு கம்மி,” என்றார். “ஆழத்தைப் போல ஏழு மடங்கு விடணும். நுனியில கொஞ்சம் செயின் கோத்தா நங்கூரம் படுத்தாப்ல கிடந்து மண்ணைக் கவ்வும்.”

“செஞ்சு பாருங்களேன்,” என்றாள் ஷெர்லின்.

இன்னொரு வாரமும் அவர் ஓ.டி.க்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரியின் அந்தக் கரையில் ஞானஸ்நானக் கூட்டம். பாஸ்டர் யாக்கோபு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவரை முக்கி எடுத்த நேரத்தில், படகு பாடகர் குழுவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தது.

“சகோதரரே, நீங்களும் முழுகுறீங்களா?” என்றார் பாஸ்டர்.

“இல்லீங்க. நாங்க ஆர்.சி.,” என்றார் அந்தோணிராஜ், தூக்கக் கலக்கத்தில். ஷெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அல்லது, பார்க்க வீட்டில் இருந்ததில்லை.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு நொந்துகொண்டார். “அண்ணே, உன் நங்கூரம் படகை நிறுத்துதோ இல்லியோ, நம்ம லைனை நிறுத்திடுச்சு!”

அந்தோணிராஜ் காதில் வாங்கவில்லை. மூன்றாவது நங்கூரம், நாலாவது, ஐந்தாவது. தகட்டின் சாய்வை மாற்றினார், முனையைத் தீட்டினார். எதுவும் நிற்கவில்லை. ஆறாவதைப் பாதி செய்துகொண்டிருந்தபோது ஷெர்லினை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாசி மாதம் அவள் போய்விட்டாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக ஏரிக்குப் போனார். ஆறாவது முடியாமலே கிடந்ததால் பழைய ஐந்தாவதையே போட்டார். நல்ல காற்று. கண்ணசந்து எழுந்தார். வெயில் சாய்ந்திருந்தது, படகு போட்ட இடத்திலேயே நின்றது. நம்பாமல் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

எப்போதும் கரையிலிருக்கும் ஏரிக் காவல்காரர் மண்ணாங்கட்டி படகை இழுத்துப் போட ஒரு கை கொடுத்தார்.

“அவ இருந்த வரைக்கும் ஒரு நாள் நிக்கல,” என்றார் அந்தோணிராஜ். “அவ இல்லாத அன்னிக்கு நிக்குது பாரு. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

மண்ணாங்கட்டி தலைத்துண்டை அவிழ்த்தார்.

“தப்பே இல்லண்ணா, எல்லாமே நல்லாத்தான் நின்னுச்சு. நீ கண்ணசந்ததும் அண்ணிதான் கயித்தை இழுத்து நங்கூரத்தைப் பேத்து வுட்டுக்கினு இருந்துச்சு. ‘நின்னுடுச்சுன்னா இவரு திரும்ப ஓ.டி.க்குப் பூடுவாரு, சொல்லிடாதே’ன்னு என்னைக் கையெடுத்துக் கும்புட்டுச்சு.”