சௌபே வீட்டு ஒன்பது பிள்ளைகள்

காலை பதினொரு மணிக்கு பன்வாரி சௌபேயின் கூடத்தில் இருந்தவர்கள்: பன்வாரி சௌபே, வயது ஐம்பத்திரண்டு. அவர் மனைவி மிதிலேஷின் லல்லா, பித்தளை, நான்காம் எண் அளவு, மஞ்சள் பட்டு. எதிர்வீட்டு குசும்லதாவின் லல்லா, ஆறாம் எண், கண்ணில் மை, கொஞ்சம் குண்டு. மாடிவீட்டு டீச்சரின் லல்லா, கட்டைவிரல் உயரம், சொந்த மின்விசிறியோடு.

மூன்று பாலகிருஷ்ணர்களும் ஒரு முட்டியை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். மூவரின் வலக்கையிலும் லட்டு இருந்தது. சௌபேயின் கையில் வேட்புமனு இருந்தது.

மனுவை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். வார்டு உறுப்பினர் பதவிக்கு இது நாலாவது தடவை. போன தேர்தலில் பதினோரு ஓட்டு விழுந்தது. அதில் மிதிலேஷின் ஓட்டு உண்டா என்று கேட்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்தத் தடவை ஜெயிக்காவிட்டால் அரசமரச் சந்தில் நாய்கூடத் தன்னைப் பார்த்து எழுந்திருக்காது என்று அவர் நம்பினார். மனு விஷயத்தை மிதிலேஷிடம் சொல்லவில்லை.

அவள் அன்று ஆக்ராவுக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பியதில் அவருக்கு ஏக சந்தோஷம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"இந்த வெயில்ல லல்லாவ ரயில்ல அலைக்கழிக்க முடியாது. பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குத் தூக்கம். துளசி போடாம குடுத்தா தொட மாட்டான். வீட்டப் பூட்டிட்டு எங்கயும் போயிடாதீங்க."

சந்தோஷம் அந்தக் கடைசி வாக்கியத்தில் செத்தது. மதுராவில் லல்லா சிலை அல்ல, வீட்டுப் பிள்ளை; கொலைகாரன்கூட அவனைப் பூட்டிய வீட்டில் தனியாக விடமாட்டான்.

சௌபே லல்லாவை ஒப்படைத்துவிட்டுப் போகலாமென்று தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். குசும்லதா புதுப் புடவையில், தன் லல்லாவோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை அண்ணே, உங்ககிட்டதான் வந்தேன். பல் டாக்டர்கிட்ட போகணும். ரெண்டும் சேர்ந்து விளையாடட்டும்."

"எனக்கே ஒரு வேலை..."

"ஓட்டுக் கேட்டு மட்டும் வருவீங்க. புள்ளையப் பார்த்துக்கன்னா வேலையா?"

சௌபே வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் டீச்சர் வந்தாள்.

"குசும் லல்லாவ வச்சுக்கிட்டீங்க. எங்களுத வேணாம்னா என்ன அர்த்தம் அண்ணே? நாங்க இந்த வார்டு இல்லையா?"

அதன்பிறகு கதவு மூடவே இல்லை. ஒரு மணிக்கு ஒன்பது லல்லாக்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு வெண்ணெய் ஆகாது. ஒருவனுக்குத் தாலாட்டுப் பாடினால்தான் தூக்கம். ஒருவன் அருகில் குசும் வீட்டு லல்லாவை வைக்கக் கூடாது, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சௌபே பாடினார், விசிறினார், ஊட்டினார். கடிகாரம் ஒன்றேமுக்கால் காட்டியது.

"எல்லாரும் எந்திரிங்கடா," என்றார்.

காய்கறிக் கூடையில் பட்டு விரித்து, ஒன்பது பேரையும் உட்காரவைத்து, பாட்டரி ரிக்‌ஷாவில் ஏறினார். கடைவீதி முனையில் ஹோலி கேட் வளைவைத் தாண்டுவதற்குள் ஒரு கிழவி வண்டியின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். பின்னால் வந்தவர்கள் இது ஊர்வலம் என்று முடிவுசெய்தார்கள். எங்கிருந்தோ ஒரு மத்தளம் வந்தது. லஸ்ஸிக் கடைக்காரன் ஒன்பது குவளைகளோடு வழிமறித்தான்.

"விடுப்பா, நேரமாச்சு!"

"புள்ளைங்க வாசல்ல வந்து தாகத்தோட போறதா?"

லல்லா சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. கடைக்காரன் தன் துண்டைத் திரையாகப் பிடித்தான். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"போதும்யா, குடிச்சிருப்பாங்க!"

"அவசரப்படுத்தாதீங்க, புரையேறிடும்."

இரண்டு ஐம்பத்தாறுக்குத் தேர்தல் அலுவலகக் கதவை எட்டினார். புதிதாக வந்த இளம் காவலர் ஒருவர் குச்சியைக் குறுக்கே நீட்டினார்.

"சாமி சிலையோட உள்ள போகக்கூடாது ஐயா. பிரச்சாரமாயிடும்."

"சிலை இல்லப்பா. புள்ளைங்க."

"ஒன்பதும் உங்களுதா?"

"ஒண்ணுதான் என்னுது. மத்தது அரசமரச் சந்துப் புள்ளைங்க."

"அப்ப இப்படி ஓரமா வச்சிட்டுப் போங்க."

"தனியாவா?"

காவலர் யோசித்தார். "அதுவும் பாவம்தான். எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான்."

"அப்ப நீ கொஞ்சம் பிடி ராசா. ரெண்டே நிமிஷம்."

"தோல் பெல்ட்டு, தோல் பூட்ஸு. எப்படித் தொடுவேன்?"

"கழட்டு!"

"கழட்டினா வேலை போயிடும் ஐயா."

இரண்டு ஐம்பத்தொன்பது. சௌபே கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வியர்வை ஆறாம் எண் லல்லாவின் தலையில் சொட்டியது.

"உள்ள பொம்பளைங்க யாராவது இருந்தா கூப்பிடு. ஒரு நிமிஷம் மடியில வச்சுக்கட்டும். உனக்குப் புண்ணியமாப் போகும்."

காவலர் கதவின் பூட்டை எடுத்தபடி தலையை ஆட்டினார்.

"எட்டுப் பேர் இருக்காங்க, உங்க அரசமரச் சந்துதான். ஆனா அவங்க முன்மொழியற வேட்பாளர் அக்காவோட மதியத்துலேருந்து உள்ளதான் இருக்காங்க, இனி நடுவுல வர முடியாது. நான்கூடக் கேட்டேன், 'மிதிலேஷ் அக்கா, சந்து மொத்தத்தையும் காலி பண்ணிக் கூட்டிட்டு வந்துட்டீங்களே, லல்லாவெல்லாம் யார்கிட்ட?'ன்னு. 'எங்க வீட்டுக்காரர் தேர்தல்ல நிக்கிற ஆசையில இருக்காரு தம்பி, இன்னிக்கு யார் புள்ளையக் குடுத்தாலும் வேணாங்க மாட்டாரு'ன்னாங்க."

மூன்று அடித்தது. காவலர் கதவை இழுத்து மூடிப் பூட்டினார்.