ஜாக்பாட் குதிரையும் மூடிய ஜன்னலும்

ஒரு காட்டில், மலைக்கு மேலே, மார்கழி பிறந்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவியதுபோல் உறைந்துபோகும் ஒரு காட்டில், ஜாக்பாட் என்ற குதிரை ஓய்வு பெற்று வந்து சேர்ந்தது. ஏரியைச் சுற்றிச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தே அதன் ஆயுளில் பாதிக்கு மேல் போயிருந்தது. முதலாளி நல்லவர். முழங்கால் வீங்கிய குதிரையை விற்க மனம் வராமல், கழுத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டு, கொள்ளு தின்னும் பையையும் நினைவுப் பரிசாக மாட்டிவிட்டு, "இனிமே ஜாலியா இருடா" என்று சொல்லிக் காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார். எங்கே இருப்பது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

காட்டில் ஓய்வு பெறுகிற வழக்கமே கிடையாது. வேலைக்கு ஆகாதவர்களை யாராவது சாப்பிட்டுவிடுவார்கள், விஷயம் முடிந்துவிடும். அதனால் ஜாக்பாட்டை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை.

ஜாக்பாட்டின் பயம் நியாயமானது. குளிர்காற்று நெஞ்சில் அடித்தால் அதற்கு இருமல் பிடித்துக்கொள்ளும். போன பனிக்காலத்திலேயே பிழைத்தது பெரிய விஷயம். சரி, ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கலாம் என்றால், நடக்காத கால் இரண்டே நாளில் மரத்துப்போகும். ஒருமுறை விழுந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. ஆக, காற்றும் படக் கூடாது, கதவும் பூட்டக் கூடாது. இவ்வளவுதான் அது கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதுதான் வம்பாகப் போயிற்று.

முதலில் நரி வந்து கூட்டிக்கொண்டு போனது. பாழடைந்த பங்களாவின் கார் ஷெட் ஒன்றை அது முதியோர் இல்லமாக மாற்றியிருந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது, தரையெல்லாம் காய்ந்த சருகு மெத்தை, குறை சொல்ல ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் மட்டும் கதவுக்கு வெளிப்பக்கம் இருந்தது. தினமும் காலையில் கயிறு கட்டி ஷெட்டைச் சுற்றி ஒரு நடை உண்டு என்று நரி சொன்னது. கயிறு, சுற்றி என்ற இரண்டு சொல்லையும் கேட்டதுமே ஜாக்பாட் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றது.

"எனக்குத் தோணும்போது வெளிய போகலாமா?" என்று கேட்டது.

"உங்களுக்கு எதுக்குத் தோணணும்? அதையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றது நரி, மிகவும் அன்பாக. சொல்லும்போது அதன் பார்வை ஜாக்பாட்டின் தொடையில் இருந்தது.

ஜாக்பாட் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, யோசிக்காமல் நடையைக் கட்டியது.

அடுத்து மேட்டுப் புல்வெளியில் இருந்த காட்டெருமைகளிடம் போய்ப் பார்த்தது. அங்கே தாழ்ப்பாள் இல்லை, கதவு இல்லை, சுவரும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். குளிருமே என்று ஜாக்பாட் இழுத்தபோது, குளிர் என்றால் என்ன என்று மந்தைத் தலைவர் நிஜமாகவே கேட்டார். அவருடைய தோல் அப்படி. இரவில் எல்லோரும் ஒட்டி நிற்பார்களாம். ஆனால் நடுவில் நிற்பது சொந்தக்காரர்களுக்கு மட்டும்; வெளியாள் காற்றடிக்கிற பக்கம்தான் நிற்க வேண்டும். சம்பந்தம் செய்துகொண்டால் பார்க்கலாம் என்றார். இந்த வயதில் எருமை வீட்டில் பெண்ணெடுப்பதா என்று ஜாக்பாட் இருமிக்கொண்டே இறங்கி வந்துவிட்டது.

வழியில் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய சோதனைச்சாவடி. ஒரு ஸ்டூல் போடத்தான் உள்ளே இடம். ஜன்னல் இழுத்துச் சாத்தியிருந்தது. இனி நடக்க முடியாது என்று ஜாக்பாட் ஜன்னலுக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கு ராத்திரியைத் தாண்டமாட்டேன் என்று அதற்குத் தோன்றியது, அழுகை வந்தது, அப்படியே தூங்கிப்போயிற்று.

குதிரைகள் நின்றுகொண்டே தூங்கும். இது காட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கமாகக் குட்டியோடு வந்த அன்னக்கொடி என்ற கடமான், ஜன்னலைப் பார்த்தபடி ஒருவர் பொறுமையாக நிற்பதைக் கண்டது. போய்ப் பின்னால் நின்றுகொண்டது. அதைப் பார்த்துக் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு நின்றன. உப்பு தருகிறார்கள் என்றது பன்றி. கம்பளி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னது கரடி. எதைத் தந்தாலும் நமக்கு இல்லாமல் போய்விடக் கூடாது என்று முயல்கள் ஓடி வந்தன. வரிசை வளர்ந்து, மரத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி ஜாக்பாட்டின் பக்கத்துக்கே வந்துவிட்டது.

காலையில் கண் விழித்த ஜாக்பாட்டுக்குத் தான் உயிரோடு இருப்பதே ஆச்சரியமாக இருந்தது. இருமல் இல்லை. சுற்றிலும் மூச்சும் ரோமமுமாக அப்படி ஒரு கதகதப்பு. தயங்கித் தயங்கி, ஓரெட்டு நடந்துவிட்டு வரலாமா என்று அன்னக்கொடியிடம் கேட்டது.

"போயிட்டு வாங்கண்ணே. பையை வச்சிட்டுப் போங்க, இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றது அன்னக்கொடி.

அன்றிலிருந்து ஜாக்பாட் தோன்றும்போதெல்லாம் போய் மேய்ந்தது, வெயில் காய்ந்தது, முழங்காலை நீட்டி மடக்கி நடந்தது. அதன் இடத்தில் கொள்ளுப் பை நின்றது. நடுவில் ஒருநாள் நரி முன்னால் நுழையப் பார்த்தபோது மொத்தக் காடும் அதை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. நரி போய்க் கடைசியில் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜாக்பாட்டுக்குக் கவலையே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் திறந்தது.

வரிசை இருந்து ஜன்னல் திறக்காவிட்டால் நிர்வாகத்துக்கு அவமானம் என்று, காட்டு அலுவலகத்தின் மந்தி குமாஸ்தா உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். "முதல்ல யாரு? என்ன வேணும்?" என்றார்.

ஜாக்பாட் கணக்குப் போட்டுப் பார்த்தது. கேட்டது கிடைத்துவிட்டால் வரிசையை விட்டுப் போக வேண்டும். போனால் மறுபடியும் அந்தக் காற்று. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத குதிரை, உண்மையையே சொன்னது. "பனி முடியிற வரைக்கும் ஒரு இடம் வேணும். காத்து படக் கூடாது, கதவு பூட்டக் கூடாது."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கதான். இந்த வரிசையில."

சாட்சி யார் என்றார் குமாஸ்தா. நாங்கள்தான் என்றது மொத்த வரிசையும். இருக்க இடம் உள்ளவருக்கு இடம் தர விதியில்லை என்றார் அவர். ஆனால் இல்லை என்று சொல்லவும் தனக்கு அதிகாரமில்லை, மேலதிகாரிதான் சொல்ல வேண்டும். அவரோ குளிருக்குப் பயந்து சமவெளிக்குப் போயிருக்கிறார், பங்குனியில்தான் ஏறி வருவார்.

"அதுவரைக்கும் வரிசையக் கலைக்காதீங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஜாக்பாட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதது. மறுநாள் வரிசைக்கு மேலே பந்தல் வேறு போட்டார்கள். வரிசைக்குப் பந்தல் போட விதி இருந்தது.

பங்குனி வந்தது, பனி போயிற்று. வெயில் ஏற ஏற வரிசை தானாகக் கரைந்தது. எதற்காக நின்றோம் என்று யாரும் கேட்கவில்லை. ஜாக்பாட்டுக்குத்தான் மனசு உறுத்தியது. கிளம்பப்போன அன்னக்கொடியை நிறுத்தி, "தாயி, அன்னிக்கு நான் வரிசையில நிக்கல. தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றது.

"தெரியும்ணே. குறட்டை கேட்டுச்சே."

"அப்புறம் ஏன் வந்து நின்னே?"

அன்னக்கொடி தன் குட்டியை ஒருமுறை நக்கிக் கொடுத்தது. "எங்களுக்கும் குளிருச்சு" என்றது.

*

நீதி: இடம் கேட்டு வீடு வீடாக அலையாதீர்கள். மூடிய ஜன்னல் ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் முன்னால் தூங்குங்கள். மீதியைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜன்னல் திறந்துவிட்டால் மட்டும் பதற வேண்டாம், உண்மையைச் சொன்னால் உடனே சாத்திவிடுவார்கள்.