பீப்பாய் நைனா பினாங்கு போன கதை

...அதை விடு கமலா, பீப்பாய் நைனா மாதிரி சகுனம் பார்க்கிற ஆள் நம் ராயபுரத்தில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் ஊர் தாங்காது. துறைமுகத்தில் ஒழுகுகிற பீப்பாய்களை அடைப்பது அவர் வேலை. கிளம்பும்போது யாராவது "எங்க போற?", "எப்ப வருவ?" என்று கேட்டுவிட்டால் போச்சு. வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். நாமும் செய்வதுதான். ஆனால் அவர் ஒரே காலையில் நாலு சொம்பு குடித்து, மத்தியானம் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஆள்!

ஒரே பெண்ணைப் பினாங்கில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குத் தலைச்சன் பிரசவம். தாயில்லாத பிள்ளை, "நைனா, நீயாவது பக்கத்துல இரு" என்று கடிதம் போட்டுவிட்டாள். வெள்ளைக்காரன் போன புதிது. பினாங்குக்கு விசா எல்லாம் வேண்டாம். ஆனால் திரும்பி வருகிற டிக்கெட்டும் கையில் இருந்தால்தான் அங்கே இறங்க விடுவார்கள். அதனால் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா கேட்கத்தானே செய்வான்?

"பெரியவரே, எப்போ திரும்புவீங்க?"

நைனா அப்படியே திரும்பினார். விறுவிறுவென்று ராயபுரத்துக்கு நடந்து வந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மறுநாளும் அதே கூத்து. கப்பல் போயே போய்விட்டது. பெண்ணுக்கோ மாசம் நெருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி நான், பொறுக்க முடியவில்லை.

"இன்னா நைனா, அங்க பொண்ணு வலியில கத்தசொல்ல நீ இங்க தண்ணி குட்ச்சிகினு இருப்பியா?"

"கெளம்பசொல்லவே திரும்பி வர்ற நாள கேக்குறானே முனிம்மா, வெளங்குமா?"

"நீ காத பொத்திக்கோ. நான் சொல்லிக்கிறேன்."

சொன்னபடியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்றார்.

"ஒரு மாசம் கழிச்சி வருவாரு சாமி" என்றேன்.

"ஏம்மா, பெரியவருக்குக் காது கேக்காதா?"

"நல்லா கேக்கும். அதான் பேஜாரே!"

அடுத்த கப்பலில் போக ஒன்று, வர ஒன்று, இரண்டு டிக்கெட்டும் கைக்கு வந்தன. வழியனுப்ப வந்த தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

பினாங்கில் இறங்கினால் அங்கேயும் ஒரு ஆபீசர், அதே கேள்வி! தண்ணீர் குடிக்க ராயபுரத்துக்கா வர முடியும்? மனுஷர் கப்பலுக்கே திரும்ப ஏறி, குடித்துவிட்டு இறங்கினார். ஆபீசர் மறுபடி கேட்டான். இவர் மறுபடி ஏறினார். மூன்றாம் தடவை ஆபீசர் வாயே திறக்கவில்லை. இவர் சட்டைப் பையிலிருந்து தானே டிக்கெட்டை உருவிப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி அனுப்பிவிட்டானாம்.

எல்லாம் அவரே திரும்பி வந்து சொன்னது. போய்ச் சேர்ந்த மறுநாளே பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது.

"கொயந்த பொறக்குற வரிக்கும் என் கைய வுடல முனிம்மா" என்று ஆரம்பித்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்து நான் சிரிக்காத நாள் கிடையாது கமலா. அன்றைக்கு மட்டும், எனக்கும் இப்படி ஒரு அப்பன் இருந்திருந்தால்... இரு, உலை பொங்கி வழிகிறது, இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்.