முழு விலை எழுதச் சொன்ன பாய்

பத்திரத்தில் உண்மை விலையை எழுதச் சொல்லும் மனுசனை அமிர்தியில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான் கோபால்சாமி.

ஒன்பதாயிரத்துக்கு விற்றால் ஐந்தாயிரம் என்று எழுதுவதுதான் ஊர் வழக்கம். முத்திரைத்தாள் செலவு மிச்சம். சர்க்காருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் அதற்குத் தெரியாது. ஆனால் அமீனுல்லா பாய் வாணியம்பாடியில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டவர். மலையடிவாரத்தில் வீடு கட்ட கோபால்சாமியின் நிலத்தைக் கேட்டு, வெளிநாட்டுக் குடிமக்கள் நிலம் வாங்கத் தேவையான அனுமதிக் காகிதத்தோடு வந்திருந்தார்.

"ஒன்பதுன்னே எழுதுங்க. அங்கயும் கேப்பாங்க, இங்கயும் கேப்பாங்க. ரெண்டு சர்க்காருக்கு ரெண்டு பொய்ய ஞாபகம் வச்சிக்க நம்மால முடியாது."

கோபால்சாமி கலங்கிப்போனான். வலிய வந்து வரி கட்டுகிறவனை எப்படி நம்புவது? பூமிக்கடியில் புதையல் இருக்குமோ? இரண்டு நாள் நிலமெங்கும் கடப்பாரையால் குத்திப் பார்த்தான். ஒரு எருமைக்கொம்பு கிடைத்தது.

கலக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. நிலம் மாமனார் கொடுத்தது, புருசன் பெண்சாதி இருவர் பேரிலும் இருந்தது. செந்தாமரையிடம் விலை ஐந்தாயிரம் என்று சொல்லி வைத்திருந்தான். மிச்ச நாலாயிரம் மோட்டார் சைக்கிளுக்கு. புளி விற்ற காசில் வேலூர்க் கடையில் முந்நூறு ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. அவளுக்கு எழுத்து தெரியாதுதான். ஆனால் பத்திரத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்குவார்கள்.

பாயிடம், பதிவு முடிந்து ஆபீசுக்கு வெளியே வந்ததும் பணத்தைத் தன் கையில் தனியாகக் கொடுக்கச் சொன்னான். பெண்சாதிக்கு ஒரு கதை தயார் செய்தான்.

"பத்திரத்துல ஒன்பதுன்னு படிப்பாங்க, கண்டுக்காத. கெடைக்கறது அஞ்சுதான். வெளிநாட்டுக்காரங்க கௌரவத்துக்கு ஏத்தி எழுதுவாங்க."

"ஏத்தி எழுதனா செலவும் ஏறுமேங்க?"

"அதான் கௌரவம்."

செந்தாமரை களிக்கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகத்தில் ஏதோ பளிச்சென்றது. கோபமாக இருக்கும் என்று தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அந்த வீட்டில் அது உடம்புக்கு நல்லது.

பதிவு ஆபீசில் ஒன்பதாயிரம் என்று படித்தார்கள். மைப்பெட்டியை நீட்டினார்கள். செந்தாமரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, பாய் ஒன்பதுன்னு பொய் எழுதிட்டு அஞ்சுதான் தர்றாராம். இவருதான் சொன்னாரு. சர்க்காரு காகிதத்துல பொய்க்கு நான் கைநாட்டு வெக்கமாட்டேன்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். பாயின் முகம் சிவந்தது. தோல்பையைத் திறந்து நோட்டுக்கட்டுகளை மேசைமேல் அடுக்கினார்.

"சார், நீங்களே சாட்சி. ஒன்பது, முழுசா. எண்ணிக்கோங்க தங்கச்சி."

தங்கச்சி நிதானமாக எண்ணினாள். மடியில் இறுக்கி முடிந்தாள். பிறகு கைநாட்டு வைத்தாள். பதிவாளர் காட்டிய இடத்தில் எல்லாம் கோபால்சாமி கையெழுத்துப் போட்டான். அவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மெல்லத் தொண்டையைச் செருமினான். "பாய் நல்ல மனுசன்தான் போல. கௌரவத்த நெசமாவே குடுத்துட்டாரு."

"ஆமாங்க. அந்த மோட்டார் சைக்கிள் கடைக்காரரும் நல்ல மனுசன். இன்னா கலர் வேணும்னு கேட்டு போன வாரம் வூட்டுக்கே வந்தாரு. எந்தக் கலரும் வேணான்னேன். மூணே நாள்ல முந்நூறையும் திருப்பிக் குடுத்துட்டாரு."

கோபால்சாமி அவள் மடிமுடிச்சைப் பார்த்தான். "அது… எங்க?"

செந்தாமரை முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். மூக்கில் புதுசாக ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி.

"நாலு நாளா இங்கதான் இருக்குது. நீங்க பூமியத்தான குத்திப் பாத்துனு இருந்தீங்க."