திரையில் மேயும் மாடுகள்

மன்னார்ப் பெருநிலத்தில், போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த பிறகு, தகரக் கொட்டில்களுக்கும் தொலைபேசிக் கோபுரங்களுக்கும் நடுவில் புதிய இனமொன்று தோன்றியிருக்கிறது. தொடுதிரை மேய்ப்பர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் மல்லாந்து கிடந்து, ஒரு கையால் நுளம்பு அடித்து மறு கையால் திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மாட்டைத் தேடாதீர்கள். மாடு புல் இருக்கிற இடத்தில் மேயும். இவர் போனுக்கு றேஞ்ச் இருக்கிற இடத்தில் மேய்வார்.

இந்த இனத்தின் சிறந்த பிறவி எங்கள் பாப்பாமோட்டை நிரூபன். ஒன்றும் தெரியாத பொடியன் என்று எண்ணிவிடாதீர்கள். மாடு கத்துகிற சத்தத்தை வைத்தே அது கன்றைத் தேடுகிறதா, தண்ணீரைத் தேடுகிறதா என்று சொல்லிவிடுவான். ஆனால் அதைச் சும்மா தெரிந்து வைத்திருந்தால் யார் மதிப்பார்கள்? ஒரு தொண்டு நிறுவனத்தின் கருத்தரங்கில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பாரம்பரிய அறிவையும் நவீன தொழில்நுட்பத்தையும் இணைக்கிறதுதான் எங்கட தலைமுறையின்ர பணி" என்று முழங்கினான். கைதட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாடு நிற்கும் இடத்தைப் போனில் காட்டுகிற கழுத்துப்பட்டி ஒன்றும் கொடுத்தார்கள். அன்று பிடித்தது எங்களுக்குச் சனியன்.

மந்தைக்கு முன்னால் போகிற வெள்ளைச்சிக்கு அதைக் கட்டினான். வெள்ளைச்சி போகிற இடத்துக்குத்தான் மற்ற மாடுகளும் போகும். இது பாரம்பரிய அறிவு. அதன் கழுத்தில் ஏற்கெனவே கிடந்த மணியைக் கழற்றி எறிந்தான். "வீடியோ எடுக்கேக்க டங்கு டங்கெண்டு ஒரே இரைச்சல்" என்றான். இது நவீன தொழில்நுட்பம். பற்றைக்காட்டுக்குள் மற்ற மாடுகள் வெள்ளைச்சியின் முகத்தைப் பார்த்தா நடக்கின்றன? மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நடக்கின்றன. இது அவனுக்குத் தெரியாததல்ல. இதை விளக்கி அவனே ஒரு வீடியோ போட்டு, கனடாவிலிருந்தெல்லாம் இதயம் வாங்கியிருந்தான்.

அது பெரும்போகக் காலம். குளத்துக்குக் கிழக்கே ஜமால்தீன் நானாவின் வயல் கதிர் தள்ளி நின்றது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்து, திரும்பி வந்து, காடாகிப்போன காணியை அவரும் மனைவி ஸுஹறாவும் வெட்டித் துப்புரவாக்கி விதைத்த முதல் வெள்ளாண்மை. அந்தப் பக்கம் மாடுகள் கத்துவது குளக்கட்டில் கிடந்த நிரூபனின் காதில் விழத்தான் செய்தது. தன்னுடைய மாடுகள்தான் என்றுகூடப் பட்டது. திரையைப் பார்த்தான். பச்சைப் புள்ளி மேற்கே நின்றது. காதுதான் பிழை என்று முடிவெடுத்துத் திரும்பிப் படுத்தான்.

நானாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, ஒங்கட மாடுகள் எங்க?"

"குளத்துக்கு மேற்கால நிக்குது நானா. இப்பதான் பார்த்தனான்."

"கண்ணால பார்த்தீங்களா?"

"அதைவிட வடிவாப் பார்த்தனான். போனில."

"அப்ப என்ட வயலுக்க நிக்கிறது ஆர்ட மாடு?"

"ஏதும் கட்டாக்காலியா இருக்கும் நானா."

"ஒங்கட குறியெல்லோ சுட்டிருக்கு!"

நிரூபன் யோசித்தான். எழுந்து ஓடியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"ஒருக்காப் படமெடுத்து அனுப்புங்கோ, பாப்பம்."

படம் வந்து, அதைப் பெருப்பித்துப் பார்த்து, குறியை ஒப்பிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்து அவன் போய்ச் சேர்ந்தபோது பாதி வயல் போய்விட்டது. மேற்கே வெள்ளைச்சி மட்டும் பட்டியும் கழுத்துமாகத் தன்னந்தனியே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஸுஹறா மிதிபட்ட கதிர்களைக் கையால் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார். அவை நிற்கவில்லை.

"இந்த முறையாச்சும் கடை அரிசி இல்லாம, எங்கட நெல்லில ஒரு சோறு ஆக்குவம் எண்டு இருந்தன் தம்பி" என்றார்.

நிரூபனின் கண் கலங்கியது உண்மை. ஆனால் வாய் இருக்கிறதே! "கருவி பிழை விடயில்லை ராத்தா, வெள்ளைச்சி அங்கதான் நிண்டது" என்றது. அந்த இடத்தில் அவன் கன்னத்தில் ஒன்று போட எனக்குக் கை பரபரத்தது. அடுத்த கருத்தரங்கில் இதையே 'கற்றுக்கொண்ட பாடம்' என்று படங்களோடு சொன்னான். நானா அனுப்பிய படமும் அதில் இருந்தது. மறுபடி கைதட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பிறகு, ஊரில் தனியே இருக்கிற அம்மாவுக்காக விறாந்தையில் கமரா பூட்டிவிட்டு, ரொறன்ரோவிலோ கொழும்பிலோ இருந்து அதைத் திறந்து பார்த்து, "அம்மா நல்ல சுகமா இருக்கிறா, இப்பதான் பார்த்தனான்" என்று சிநேகிதருக்குச் சொல்வீர்கள் அல்லவா? அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சேலை வெளுப்பாக இருக்கிறது. கமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்.

இருமல் வந்தால் எழுந்து, கமரா இல்லாத குசினிக்குப் போய்விடுகிறார்.