குளியலறை மயில் விஷயமாகச் சம்பந்திக்கு

திண்டிவனம்,
14.9.1986

மரியாதைக்கும் வணக்கத்துக்கும் என்றைக்கும் உரிய சம்பந்தி, விழுப்புரம் மல்லாட்டை மண்டி சின்னக்கண்ணு அவர்களின் சமூகத்துக்கு, தேவநாதன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. இங்கே மகள் கற்பகமும், தங்கள் பேரனும், என் மனைவி குப்பம்மாளும் சௌக்கியம். என் மானம் ஒன்றைத் தவிர வீட்டில் மற்ற எல்லாம் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால், சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேரனை முதன்முதலாகப் பார்க்க வந்தீர்கள். குளித்தீர்கள். அப்புறம் சுட்டு வைத்த வடையைத் தொடாமல், தாயையும் பிள்ளையையும் எப்போது அழைத்துப் போவது என்று நாளும் சொல்லாமல், என் முகத்தைப் பார்க்காமலே "வர்றேன் சம்பந்தி" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். ஏன் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். தாங்கள் பெரிய மனிதர், வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மயில்.

பிள்ளைகளின் கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் தாங்கள் ஓலைத் தட்டி மறைப்புக்குள் குளிக்க நேர்ந்தது. வெளியே வந்து, "நிமிந்தா தல தெரியுது, குனிஞ்சா முதுகு தெரியுது" என்று சொன்னீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கற்பகம் பிரசவத்துக்கு வந்ததும், தாங்கள் அடுத்த முறை வருவதற்குள் என்று சொல்லி, வீட்டுப் பக்கத்துச் சந்தின் ஓரமாக, உயர்த்திப் போட்ட சிமெண்டுத் தரை, பெரிய பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வைத்து ஒரு குளியலறை கட்டினேன். ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. ஒரு பழைய புடவையைக் கிழித்துத் தொங்கவிட்டால் போதும் என்றாள் குப்பம்மாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் ரயில்வே பார்சல் ஆபீசில் ஊரார் சாமான்களுக்குச் சீட்டு ஒட்டியே தலை நரைத்தவன் நான். ரிட்டையர் ஆன பிறகாவது என் கையால் அழகாக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. குலதெய்வம் மயிலம் முருகன் அல்லவா? ஜன்னல் அளவுக்குக் காக்கிக் காகிதம் வெட்டி, தோகை விரித்த மயில் ஒன்றை நானே வரைந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பச்சைமுத்துவிடம் கொண்டுபோனேன்.

அவர் வேலை இப்படி. கண்ணாடியில் எந்த இடம் மங்கக் கூடாதோ அங்கே மெழுகை உருக்கிப் பூசிவிட்டு, மேலே அமிலத்தைத் தடவி ஊறவிடுவார். கழுவி மெழுகைச் சுரண்டினால், மெழுகு இருந்த இடம் பழையபடி தெளிவாகவும், மற்ற இடம் தயிர் மாதிரி வெளுத்தும் இருக்கும். நானும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "மயிலு எப்டிங்க இருக்கணும்?" என்று கேட்டார். "பளிச்சுனு தெரியணும்பா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் மயில் முழுக்க மெழுகு பூசிவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், நானும்தான் தூரிகையை வாங்கித் தோகைக்கு மெழுகு வைத்தேன். கழுவி எடுத்தபோது, சுற்றிலும் வெண்மை, நடுவில் ஓடைத் தண்ணீர் மாதிரி ஒரு மயில். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் இருப்பதும் தெரியுமே என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

பரீட்சை செய்யாமல் மாட்டினேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நல்ல உச்சி வெயிலில் குப்பம்மாளை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு, நான் சந்தில் நின்று பார்த்தேன். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திருப்தியாக வந்து சாப்பிட்டுப் படுத்தேன். பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. பொழுது சாய்ந்து உள்ளே பல்பைப் போட்டால் எல்லாம் தலைகீழாகும் என்பது, ராத்திரி ரயில்களின் வெளிச்ச ஜன்னல்களைப் பார்த்தே ஆயுசில் பாதியை ரயில்வே ஸ்டேஷனில் கழித்த எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை தாங்கள் குளிக்கப் போனபோது நான் வாழையிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். சந்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. திரும்பி வந்து பார்த்தால் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருக்கின்றன, குழாயை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். நானும் அண்ணாந்தேன். இருட்டில் வெளிச்சமாக ஒரு மயில். அதன் தோகைக்குள் தாங்கள்.

இடுப்பில் துண்டு இருந்தது. அந்த மட்டில் முருகன் காப்பாற்றினார். தங்கள் முதுகு நேராகத் தெரிந்தது, எதிர்ச்சுவரில் மாட்டிய கண்ணாடியில் முகமும் தெரிந்தது. கன்னத்தை உப்பினீர்கள். நாக்கை நீட்டி மூக்கைத் தொடப் பார்த்தீர்கள். கண்ணை உருட்டி, இரண்டு காதையும் பிடித்து இழுத்து, "ங்கா" என்பது போல வாயைத் திறந்தீர்கள். பேரனைச் சிரிக்க வைக்க ஒத்திகை பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தாங்கள் செருமினால் கடலை மண்டியில் தராசுகூட ஆடாது. நானே இந்த இரண்டு வருஷத்தில் தங்கள் பல்லைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குழாயடி முழுக்கப் பார்த்துவிட்டது.

எதிர்வீட்டு வெள்ளையம்மாள் என்னிடம் வந்து, மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டாள். "ஒங்க சம்மந்தி என்னாங்க பண்ணிக்கினு கீறாரு?"

"பல்லு வெளக்கறாரு" என்றேன்.

"அதுக்கு எதுக்குங்க காத இழுத்துக்கினு கீறாரு?"

கூட்டத்தை அதட்டினால் உள்ளே தங்களுக்குக் கேட்டுவிடும். அதனால் அவள் வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி, வாங்கி வந்த வாழையிலையை விரித்துக் கண்ணாடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். "இப்பத்தான் மயிலு பச்சையா நல்லா கீது" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். வாளி வழுக்கியது. நானும் இலையும் சேற்றில் விழுந்தோம். கொல்லைப்புறமாகப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு நான் கூடத்துக்கு வருவதற்குள் தாங்கள் சட்டை போட்டு, முகம் சிவந்து, பையோடு நின்றீர்கள். சந்தில் எழுந்த சிரிப்பு தங்கள் காதில் விழுந்துவிட்டது என்று அப்போதே எனக்கு உறைத்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் தாங்கள் படி இறங்கிவிட்டீர்கள்.

மறுநாளே கண்ணாடியைக் கழற்றிப் பச்சைமுத்துவிடம் கொண்டுபோய், மயிலையும் மங்க வைத்துவிடு என்றேன். "எனுக்கு மனசு வர்லீங்க" என்று அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். அமிலத்தை நானே தடவினேன். கொண்டை போயிற்று, கழுத்து போயிற்று, தோகை போயிற்று. இப்போது ஜன்னலில் இருப்பது வெறும் மோர். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு "மயிலு வூடு" என்று பெயர் வந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு வெளியே போகிறேன், வெயிலுக்காக அல்ல.

சம்பந்தி, அழகுக்கு ஆசைப்பட்டு மறைப்பைக் கோட்டை விட்டவன் நான். கற்பகத்துக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. என்மேல் உள்ள கோபத்தில் அவளைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். அழைத்துப்போக ஒரு நல்ல நாள் சொல்லுங்கள். வேண்டுமானால் மண்டிக்கே வந்து, மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்கத் தங்கள் காலில் விழுகிறேன். தாங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

நேற்று மயிலத்துக்குப் போய்த் தங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். விபூதியை இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். தங்கள் குடும்பம் குறைவின்றி இருக்கவும், மண்டி செழிக்கவும், தங்கள் மறதி பெருகவும் முருகனை வேண்டிக்கொள்ளும்,

தேவநாதன்

பி.கு. இதைக் கவரை ஒட்டிய பிறகு அதன் முதுகில் எழுதுகிறேன். மண்டியின் கதவு எண்ணைக் கற்பகத்திடம் கேட்டேன். "எதுக்குப்பா மாமாவுக்கு லெட்டரு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. நான் கொல்லையில் சேறு கழுவிய நேரத்தில், தாங்கள் குளித்துவிட்டு வந்து பேரனைத் தூக்கி, ஒத்திகை பார்த்த முகத்தைக் காட்டியதும் அவன் வீல் என்று கத்தினானாமே. அந்த வெட்கத்தில்தான் கிளம்பினீர்களாமே. யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தி அம்மாளோடு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்களாமே. சத்தியத்துக்குப் பயந்து இத்தனை நாளும் என்னிடம் எதையும் சொல்லவில்லையாம். சந்தில் நடந்தது எதுவும் தங்களுக்குத் தெரியாது என்கிறாள். கிழித்துப் போடலாம் என்றால் உள்ளே விபூதி இருக்கிறது, கை வரவில்லை. ஆகையால் தயவுசெய்து விபூதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தைப் படிக்காமல் அடுப்பில் போடவும். வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் தெரியாதவன் போல இருப்பேன். தாங்களும் அப்படியே இருக்கவும்.