ஒரு நிமிடம், மோட்டாரை நிறுத்துங்கள்

1991: நண்டின் காலிலுள்ள நரம்பொன்றைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். 1998: அதே நண்டின் அடுத்த கால். 2007: நண்டுக்குக் கால்கள் மிச்சமிருந்தும் நிதி தீர்ந்துபோனதால், இறால் பண்ணைகளின் நோய்த் தடுப்புத் துறைக்கு மாற்றம்.

நரம்பு விஞ்ஞானி என்னும் இனத்தின் வாழ்க்கை வரலாறு, வாசகரே, பெரும்பாலும் இந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும். அடங்காதது அவருடைய பகை. பகைவன் யார்? மின்மோட்டார்.

நரம்பில் ஓடும் துடிப்பு மிக மெல்லியது. பக்கத்தில் ஒரு மோட்டார் சுற்றினாலே போதும், அதை அளக்கும் கருவியின் திரையில் அழகாக எழவேண்டிய அலை கோழி கிளறிய குப்பையாகிவிடும். ஆகவே நம்மவர் போகுமிடமெல்லாம் எதையாவது நிறுத்தச் சொல்வார். வீட்டின் பின்னறையில் கருவியைத் திறந்தால் மின்விசிறி நிற்கும், அரைபட்டுக்கொண்டிருக்கும் மிக்ஸி பாதியில் நிற்கும், குளிர்பெட்டி நிற்கும். அதைத் திரும்ப ஓடவிடவேண்டும் என்ற நினைவு மட்டும் அவருக்கு வரவே வராது.

"பால் திரிஞ்சு போச்சுங்க" என்பார் மனைவி.

"அலை எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாரேன்!" என்பார் இவர்.

பால் போனால் போகட்டும். ஒருநாள் மனைவியின் தம்பி வந்து நின்றார். கையிலிருந்த அத்தனையையும் ஒரே இறால் குளத்தில் போட்டவர்.

"அத்தான், அடுத்த வாரம் அறுவடை. ரெண்டு நாளா இறால் சரியா தீனி எடுக்கல. நோயா இருந்தா நான் தொலைஞ்சேன்."

மேகம் மூடிய ஒரு காலையில் நம்மவர் கருவிகளோடு குளக்கரைக்குப் போய் மேசை விரித்தார். குளத்தில் நான்கு சக்கரங்கள் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலந்துகொண்டிருந்தன. நான்குக்கும் மோட்டார்!

"மாப்ளே, அதை ஒரு நிமிஷம் நிறுத்து."

"இறாலுக்கு மூச்சு முட்டுமே அத்தான்?"

"ஒரு நிமிஷம்தானேடா!"

அக்காள் கணவர், போதாக்குறைக்கு முனைவர். தம்பி விசையை இறக்கினார்.

முதல் இறாலின் நரம்பு பழுதில்லாமல் துடித்தது. வேறொருவராக இருந்தால் "நோய் இல்லை" என்று சொல்லி அப்போதே எழுந்திருப்பார். ஆனால் ஓர் இறாலை வைத்து எந்த விஞ்ஞானி முடிவு சொல்லியிருக்கிறார்? இரண்டாவதை வலைபோட்டு எடுத்தார். துடிப்பு சற்றே மந்தம். ஐந்தாவது இன்னும் மந்தம். ஒன்பதாவது உறங்கிவழிந்தது. அவர் முகத்திலோ, பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பனின் பூரிப்பு.

"மாப்ளே, கண்ணு முன்னாடியே பரவுது! இவ்வளவு வேகமா பரவுற நோயை இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணல!"

"அத்தான்…"

"பேசாதே, அலை ஆடுது."

"அலை கெடக்கட்டும், குளத்தைத் திரும்பிப் பாருங்க!"

அவர் திரும்பினார். நீர்ப்பரப்பு முழுவதும் மீசைகள். குளத்து இறால் அத்தனையும் காற்றைத் தேடி மேலே வந்திருந்தன. தம்பி விசையை நோக்கி ஓடினார்.

"இன்னும் ஒரே ஒரு இறால்…" என்று வாயெடுத்த நம்மவர், பாதியிலேயே விழுங்கிக்கொண்டார். எந்த நோய் பரவியது, அதைப் பரப்பியவர் யார் என்பது அந்தக் கணம்தான் அவருக்கு விளங்கியது. சக்கரங்கள் சுழன்றன, திரையில் கோழி கிளறியது, மீசைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வாழ்நாளில் முதல்முறையாக மோட்டார்ச் சத்தம் அவர் காதுக்கு இனித்தது. பிறகு கால்சட்டையை மடித்துவிட்டு, ஒரு வலையோடு குளத்தில் இறங்கினார்.

அறுவடை குறித்த நாளில் நடந்தது. காற்றுக் குறைந்த நீரில் இறால் நரம்பு தளர்வது பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. "குளத்தை அன்புடன் தந்துதவிய மைத்துனருக்கு நன்றி" என்று அதன் அடியில் இருக்கிறது. மைத்துனர் இன்றும் அவரை விருந்துக்கு அழைக்கிறார். கருவிப் பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொல்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதை நிம்மதியாகப் படிக்கவென்று, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி வீட்டில் எதை நிறுத்திவைத்தீர்கள்? எதற்கும் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.

அன்று வலையில் அள்ளி, கரையில் கொட்டி எண்ணிய செத்த இறால்: முந்நூற்றுப் பதினேழு.